யார் சொன்னால் முகக்கவசம் ஏறும்?

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் தலைகாட்டியது. அரசு வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டது, நோயாளிகளைக் கட்டாயமாகத் தூக்கிப்போனது, 1897-இல் அதற்கென்றே தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. (2020-இல் தூசி தட்டி எடுக்கப்பட்டதும் இதே சட்டம்தான்.) ஜனங்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள், ஊரைவிட்டு ஓடினார்கள். ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினார்கள். 1898 மார்ச்சில் கலவரமே வெடித்தது.

அதே நகரத்தில் நுண்ணுயிரியல் அறிஞர் வால்டெமர் ஹாஃப்கின் பிளேக் தடுப்பூசியை உருவாக்கி, 1897 ஜனவரி 10 அன்று முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். வெள்ளைக்கார அரசின் ஊசி என்று பலர் கையை நீட்டவில்லை. முஸ்லிம்களில் ஒரு பிரிவான இஸ்மாயிலி சமூகத்தின் தலைவர் மூன்றாம் ஆகா கான், அப்போது இருபதை ஒட்டிய இளைஞர், பலர் பார்க்க, பலமுறை அதைப் போட்டுக்கொண்டார். பிறகு அவருடைய சமூகத்தாரில் பலர் வந்தார்கள். மருந்து அதேதான், முன்னால் நின்ற ஆள்தான் வேறு.

கொரோனா வைரஸ் காற்றில் எவ்வளவு நேரம் மிதக்கும், ஆறடி இடைவெளி போதுமா, துணி முகக்கவசம் எதைத் தடுக்கும்? இவற்றையெல்லாம் ஆராய்ந்து முடிவெடுக்க நமக்கு நேரமும் இல்லை, படிப்பும் இல்லை. ஆகவே மனம் எளிதான வேறொரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறது: சொல்வது யார், நம்ம ஆளா?

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2022-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியானது. அமெரிக்கா, பிரிட்டன், பிரேசில், இத்தாலி, ஸ்வீடன், இஸ்ரேல், தென்கொரியா ஆகிய ஏழு நாட்டு மக்களிடம் கொரோனா தடுப்புத் திட்டங்களைக் காட்டினார்கள். ஒரே திட்டம்தான், முன்மொழிந்தவர் பெயர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது. சொந்தக் கட்சித் தலைவர் பெயர் இருந்தால் ஆதரவு ஏறியது, எதிர்க்கட்சித் தலைவர் பெயர் இருந்தால் இறங்கியது. இரு தரப்பும் சேர்ந்து முன்மொழிந்தாலோ கட்சி சாராத நிபுணர்கள் முன்மொழிந்தாலோ பொதுவாகக் கூடுதல் ஆதரவு கிடைத்தது. கொள்கையைப் பார்த்துத்தான் ஆதரிக்கிறோம் என்று மார்தட்டுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம்.

ஆனால் இது காகிதத்தில் சொன்ன பதில். தலைவரின் பேச்சு ஆட்களை உண்மையிலேயே தெருவுக்கு இழுக்கிறதா? அதை அளப்பது கடினம். நோய்க்கு அஞ்சாதவர்களே அஞ்சாத தலைவரைத் தேர்ந்தெடுத்திருக்கலாம் அல்லவா? பிரேசிலை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் இந்தச் சிக்கலைத் தேதியை வைத்து அவிழ்த்தார்கள். 2020 மார்ச் 15 அன்று அதிபர் போல்சனாரோ கூட்டத்துக்குள் இறங்கிக் கைகுலுக்கினார். 24 அன்று தொலைக்காட்சியில் தோன்றி, தனக்கு இது வெறும் சின்னக் காய்ச்சலாகத்தான் இருக்கும் என்றார். அவருக்கு அதிக வாக்களித்த நகராட்சிகளையும் மற்றவற்றையும் கைபேசிகளின் இருப்பிடத் தரவைக் கொண்டு ஒப்பிட்டார்கள். அந்தத் தேதிகளுக்குப் பிறகு, ஆதரவு நகராட்சிகளில் வீட்டில் தங்குவது மற்றவற்றைவிடக் குறைந்தது. பழைய மனப்பாங்கு மட்டுமே காரணமென்றால், இடைவெளி அந்த நாட்களுக்கு முன்பே அதே அளவில் தெரிந்திருக்கும்.

இங்கிலாந்தில் நடந்தது இன்னொரு வகை. ஊரடங்கின்போது பிரதமரின் ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் லண்டனிலிருந்து டர்ஹாமுக்குக் காரில் போன செய்தி 2020 மே 22 அன்று வெளிவந்தது. சில நாட்களில் இங்கிலாந்து மக்களுக்கு அரசின்மேல் இருந்த நம்பிக்கை சரிந்தது. தத்தம் அரசுகளைப் பற்றிக் கேட்கப்பட்ட ஸ்காட்லாந்து, வேல்ஸ் மக்களிடம் அப்படிச் சரிவு இல்லை. விதிக்குக் கீழ்ப்படிவது பெரும்பாலும் கூட்டு ஒப்பந்தம்: எல்லோரும் கஷ்டப்பட்டால் நானும் படுவேன். மேலே இருப்பவர் நழுவினால், நான் மட்டும் ஏன் ஏமாளி என்ற கேள்வி எழுவது நியாயம்தானே?

மும்பையின் குடிசைப் பகுதியான தாராவிக்கு வருவோம். சுமார் 2.4 சதுர கிலோமீட்டரில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். நம் திருநெல்வேலிக்காரர்கள் தலைமுறைகளாக வாழும் இடம். பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பமே இருக்கும்போது இடைவெளி என்பது வெறும் சொல். 2020 ஏப்ரல் 1 அன்று முதல் தொற்று உறுதியானது. மாநகராட்சி தன் ஊழியர்களோடு நிற்காமல், அங்கேயே கிளினிக் வைத்திருக்கும் தனியார் டாக்டர்களையும் கவச உடையில் சந்துகளுக்குள் அனுப்பியது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடும் அதே டாக்டர் வாசலில் நின்று வெப்பமானியைக் காட்டினால் எந்த வீட்டில் கதவைச் சாத்துவார்கள்? கழிப்பறைகளைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தது, பள்ளிகளைத் தனிமைப்படுத்தும் இடமாக்கியது, பலர் ஊருக்குப் போனது என்று வேறு காரணங்களும் உண்டு. எனினும், ஒளித்துவைக்காமல் அறிகுறியைச் சொல்ல வைத்ததில் அந்தப் பழகிய முகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவர், தொற்றைக் கட்டுக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டாகத் தாராவியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்.

நம்பிய முகத்தால் வரும் பலன் அதே வேகத்தில் எதிராகத் திரும்பவும் செய்யும். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டு, எல்லோரையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். 17 அன்று மாரடைப்பால் இறந்தார். தமிழ் வாட்ஸ்அப் குழுக்களுக்கு மாநில எல்லை கிடையாது. தடுப்பூசிதான் காரணம் என்ற வதந்தி மும்பைக்கும் வந்து சேர்ந்தது. மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக்குழு சொன்னபோது பல மாதங்கள் கடந்திருந்தன. அந்த அறிக்கையை எனக்கு யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.