ஏறும்போது எரியாதது இறங்கும்போது ஏன் எரிகிறது?

பெங்களூரு அல்சூரில் எங்கள் எதிர்வீட்டுச் சிறுமி, பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகத் தெர்மாகோலில் ஒரு விண்வெளி ஓடம் செய்து, அடிவயிற்றையும் மூக்கையும் கறுப்பாகவும் மற்ற இடங்களை வெள்ளையாகவும் தீட்டி, பெயின்ட் காய்வதற்காக மாடிப்படியில் வைத்திருந்தாள். 2025 ஜூலையில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா பசிபிக் பெருங்கடலில் வந்திறங்கிய காட்சியை அவள் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள். "அங்கிள், மேல போறப்ப எரியல, கீழ வர்றப்ப மட்டும் ஏன் எரியுது? ரெண்டு தடவையும் அதே காத்துதானே?" என்று கேட்டாள்.

மனிதர் விண்ணுக்குச் செல்வதில் நமக்குள்ள மயக்கமெல்லாம் பெரும்பாலும் புறப்பாட்டோடு தீர்ந்துவிடுகிறது. பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணிக் கைதட்டியவர்கள் திரும்பி வரும் நாளை நினைவில் வைத்திருப்பதில்லை. என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது இறக்கத்தைத்தான்.

காற்று அதேதான், ஆனால் அடர்ந்த காற்றுக்குள் இருக்கும்போது ஓடத்தின் வேகம் இரண்டு முறையும் ஒன்றல்ல. 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்த அமெரிக்க விண்வெளி ஓடங்கள், புறப்பட்ட இரண்டே நிமிடங்களில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் உயரத்தை எட்டி, காற்றின் பெரும்பகுதியைக் கீழே விட்டுவிடும். அப்போது அவற்றின் வேகம் மணிக்குச் சுமார் 5,000 கிலோமீட்டர்தான். மீதி வேகம் முழுவதும் காற்று அநேகமாக இல்லாத உயரத்தில் சேர்க்கப்பட்டது. இறங்கும்போதோ, மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தோடு நேரே காற்றுக்குள் நுழைய வேண்டும்.

அந்த வேகத்தில் ஓடத்தின் ஒவ்வொரு கிலோ எடையிலும் ஏறத்தாழ 3 கோடி ஜூல் இயக்க ஆற்றல் பொதிந்திருக்கிறது. சுமார் 12 லிட்டர் தண்ணீரைச் சொட்டு மிச்சமின்றி ஆவியாக்க அது போதும். ஓடத்தின் எடை ஏறத்தாழ 100 டன் என்பதால், கோடையில் எங்கள் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் நூற்றை வரிசையாக நிறுத்தி, அத்தனையையும் கொதிக்கவைத்து வற்றச் செய்யும் அளவு வெப்பம் தரையிறங்குவதற்குள் எங்கேயாவது போயாக வேண்டும்.

இவ்வெப்பத்துக்கு உராய்வே காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். முதன்மைக் காரணம் அமுக்கம்தான். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் போல, விலகி வழிவிட நேரமில்லாத காற்று ஓடத்தின் முன்னே நெருக்குண்டு பல ஆயிரம் டிகிரிக்குச் சூடாகி ஒளிர்கிறது. அப்படியானால் ஊசிபோல் கூர்மையாகக் கிழித்துச் செல்வதே நல்லது என்று தோன்றும். 1950களின் தொடக்கத்தில் ஹார்வி ஆலன் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதற்கு நேர்மாறாக, மழுங்கிய வடிவமே பாதுகாப்பானது என்று காட்டினார். மழுங்கிய பொருளின் முன்னே, நெருக்குண்ட காற்றின் சுவர் போன்ற அதிர்ச்சி அலை சற்று விலகி நிற்பதால், வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடேயே போய்விடுகிறது. ஓடமும் இதன்படியே மூக்கை ஏறத்தாழ 40 டிகிரி தூக்கிக்கொண்டு, தன் அகன்ற அடிவயிற்றைக் காற்றுக்குக் காட்டியபடி இறங்கும்.

அப்படியும் வந்து சேரும் வெப்பத்தைத் தாங்கியவை 24,000க்கும் மேற்பட்ட சிலிக்கா ஓடுகள். மணலில் உள்ள அதே சிலிக்காவை மெல்லிய இழைகளாக்கிச் செய்த இவற்றின் கன அளவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் காற்று. கையில் எடுத்தால் அந்தச் சிறுமியின் தெர்மாகோலைப் போலத்தான் இருக்கும். 1,200 டிகிரி உலையிலிருந்து எடுத்த ஓட்டுக்கட்டியை, உள்ளே இன்னும் செந்தணலாக ஒளிர்ந்துகொண்டிருக்கும்போதே, மூலைகளைப் பிடித்து வெறுங்கையால் தூக்கிக் காட்டுவார்கள். விளிம்பு உடனே ஆறிவிடுகிறது. உள்ளிருக்கும் வெப்பமோ விரலை எட்ட வழியின்றித் தவிக்கிறது. இதே காரணத்தால்தான் ஓட்டின் வெளிப்புறம் தகிக்கும்போதும் அடியிலுள்ள அலுமினியத் தகடு 175 டிகிரியைத் தாண்டாமல் காக்கப்பட்டது. அலுமினியம் சூட்டில் விரியும், வளையும். ஓடோ வளைந்தால் விரிசல் விடும். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பளி போன்ற மெத்தை வைத்துச் சிலிக்கோன் பசையால் ஒட்டினார்கள்.

நிறத்துக்கும் காரணம் உண்டு. அடிப்பக்கத்துக் கறுப்புப் பூச்சு, வாங்கிய வெப்பத்தைக் கதிர்வீச்சாகத் திருப்பி உமிழ்வதில் வல்லது. மேற்பக்கத்து வெள்ளை, சுற்றுப்பாதையில் வெயிலைத் திருப்பியடிப்பதற்கானது.

மூக்கு நுனியிலும் இறக்கைகளின் முன்விளிம்பிலும் வெப்பம் 1,600 டிகிரியையும் தாண்டுவதால் ஓடுகள் அங்கே உதவா. கார்பன் இழையால் வலுவூட்டிய சாம்பல் நிறக் கார்பன் பலகைகளைப் பொருத்தியிருந்தார்கள். கொலம்பியா ஓடம் தன் கடைசிப் பயணத்துக்குப் புறப்பட்ட 82ஆவது விநாடியில், எரிபொருள் தொட்டியின் வெப்பக்காப்பு உறையிலிருந்து பிய்ந்த ஒரு கிலோவுக்கும் குறைவான நுரைத்துண்டு, இடது இறக்கையின் அப்படியொரு பலகையில் மோதியது. நுரை எப்படி அதை உடைக்கும் என்று அப்போது பலர் நம்பவில்லை. பிய்ந்த நுரை காற்றில் சட்டென்று வேகமிழந்துவிட, பின்னால் வந்த ஓடம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் மேலான வேக வேறுபாட்டில் அதன்மேல் பாய்ந்திருக்கிறது. 2003 பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் அந்தத் துளை வழியே சூடேறிய வாயு உட்புகுந்து இறக்கையைக் குலைத்தது; கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் உயிரிழந்தனர்.

வெப்பக் கட்டம் கடந்தபின் ஓடம் எஞ்சின் உதவியற்ற கனமான கிளைடர். ஓடுபாதை தவறினால் மீண்டும் எழும்பி வட்டமடிக்க இயலாது. இந்தக் கடைசிக் கட்டத்தை நம் இஸ்ரோ, பெங்களூருவிலிருந்து சில மணி நேரத் தொலைவிலுள்ள சித்ரதுர்கா மாவட்டத்தில் 2023, 2024ஆம் ஆண்டுகளில் மூன்று முறை சோதித்தது. ஹெலிகாப்டரிலிருந்து 4.5 கிலோமீட்டர் உயரத்தில் விடுவிக்கப்பட்ட ஆளில்லாச் சிறு ஓடம், தானே வழி கண்டு, மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடுபாதையைத் தொட்டது.

இவ்வளவையும் கேட்டு முடித்த சிறுமி, காயாத மூக்கை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்ப இது கறுப்பு இல்லையே" என்று சொல்லி, வெள்ளைப் பெயின்ட்டில் கொஞ்சம் கறுப்பைக் குழைத்துச் சாம்பல் நிறம் கூட்டத் தொடங்கினாள்.