களிமண்ணில் கரையும் டெசிபல்கள்

தரைக்குள் ரேடியோ அலையை அனுப்பி, புதைந்த பொருள்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடிக்கும் கருவி தரை ஊடுருவும் ரேடார். அது எவ்வளவு ஆழம் வரை பார்க்கும் என்பதை, கருவியைச் செய்வதற்கு முன்பே தாளில் ஒரு வரவுசெலவுக் கணக்காக எழுதிப் பார்த்துவிடலாம். அனுப்பி வெளியிடும் திறனுக்கும், ஏற்பி தன் இரைச்சலுக்கு மேலே அடையாளம் காணக்கூடிய மிகக் குறைந்த திறனுக்கும் இடையிலான விகிதமே வரவு. அலை கீழே போய்த் திரும்பும் வழியில் இழப்பதெல்லாம் செலவு. டெசிபல் மடக்கை அளவு என்பதால், பெருக்கலும் வகுத்தலும் இங்கே கூட்டல் கழித்தலாகிவிடுகின்றன.

வரவின் அடிமட்டத்தை இயற்பியலே வரையறுக்கிறது. நுண்ணிய விவரம் தெரிய அகன்ற அலைப்பட்டை, அதாவது அதிர்வெண்களின் அகன்ற வீச்சு, வேண்டும். ஆனால் பட்டை அகல அகல இரைச்சலும் கூடும்; 1 கிகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டையில் அறை வெப்பநிலையின் வெப்ப இரைச்சல் மட்டுமே சுமார் 4 பிகோவாட் (ஒரு பிகோவாட் என்பது வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) இருக்கும். இதற்கு மேல் ஏற்பி தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சலும் உண்டு.

ஓர் உதாரணமாக, கருவியின் மொத்த வரவு 150 டெசிபல் என்றும், ஒரு மீட்டர் ஆழத்தில் உள்ள குழாயைத் தேடுகிறோம் என்றும் கொள்வோம். ஆண்டெனாக்களிலும் தரைக்குள் நுழைந்து வெளிவருவதிலும் 20 டெசிபல், அலை விரிந்து பரவுவதிலும் குழாயில் பட்டுத் தெறிப்பதிலும் 50 டெசிபல், பாதுகாப்புக்கான இருப்பாக 15 டெசிபல் என்று ஒதுக்கினால், மண்ணுக்கென்று மிஞ்சுவது 65 டெசிபல்.

இனி மண்ணின் முறை. மின்கடத்துத்திறனை மீட்டருக்கு மில்லிசீமென்ஸில் எடுத்து, ஒப்புமை விடுதிறனின் (வெற்றிடத்தோடு ஒப்பிட, மின்புலத்தில் ஒரு பொருள் எந்த அளவு மின்முனைவாகிறது என்பதைச் சொல்லும் எண்) வர்க்கமூலத்தால் வகுத்து, 1.64 ஆல் பெருக்கினால், இழப்பு குறைவாக உள்ள நிலையில் ஒரு மீட்டருக்கான தணிவு டெசிபலில் கிடைக்கும். கடத்துத்திறன் 100, விடுதிறன் 25 கொண்ட ஈரக் களிமண்ணில் அது ஏறத்தாழ 33, போகவர 66. அதாவது ஒரு மீட்டரிலேயே கணக்கு கடனில் விழுகிறது. கடத்துத்திறன் 1, விடுதிறன் 4 கொண்ட உலர் மணலிலோ போகவர 2 டெசிபல்கூட ஆகாது. அங்கே பெருஞ்செலவு அலை விரிவதுதான். சிறிய இலக்கின் ஆழம் இரட்டித்தால் அந்த இழப்பு 12 டெசிபல் கூடும்.

அனுப்பியின் திறனைக் கூட்டினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தரும் விடை கொஞ்சம் கடுமையானது. திறனை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல். அந்தக் களிமண்ணில் அது 5 சென்டிமீட்டர் ஆழத்தைக்கூட வாங்கித் தராது. ஆயிரம் துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் 30 டெசிபல் கிடைக்கும் என்பதால் அதுவே மலிவான வழி. ஆனால் சராசரி தற்போக்கான இரைச்சலை மட்டுமே அடக்கும்; கற்களிலும் வேர்களிலும் பட்டுத் தெறிக்கும் தேவையற்ற எதிரொலிகள் ஒவ்வொரு துடிப்பிலும் அப்படியே திரும்பி வரும். நடைமுறையில் பல வேளைகளில் ஆழத்தை முடிவு செய்வது இவைதான்; மேலே போட்ட கணக்கில் இவற்றுக்கு வரியே இல்லை.

மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் நிலைமை தலைகீழாகும். 2019 ஜனவரியில் நிலவின் மறுபக்கத்தில் இறங்கிய சாங்கே-4 விண்கலத்தின் ஊர்தி, 500 மெகாஹெர்ட்ஸ் ரேடாரைக் கொண்டு சுமார் 40 மீட்டர் ஆழம் வரை அடுக்குகளைக் கண்டது.