குறைத்தாலும் குறையாத ஒலி

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார். "தம்பி, வெளிநாட்டில் இருக்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது பழைய கணினியையும் ஆறு ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையரையும் இணைத்து வைத்துவிட்டுப் போனான். கைப்பேசிதான் எனக்கு ரிமோட். பழைய பாட்டு போட்டால் சத்தம் கூடுகிறது, குறைகிறது. புதிய படம் போட்டால் திரையில் வால்யூம் பட்டை 100இலிருந்து 30க்கு இறங்குகிறது. சத்தம் இம்மியும் குறைவதில்லை. ஒவ்வொரு சண்டைக் காட்சிக்கும் எழுந்து போய்க் குமிழைத் திருகுகிறேன். மூட்டு வலிக்காரி, எத்தனை முறை எழுவேன்?"

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே என்ன தொலைவு? பதில் எழுதுவதைவிட நேரில் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக் கணினியைச் சிறு திரையரங்காக மாற்றும் கட்டற்ற மென்பொருள்கள், அதாவது யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் கூடியவை, பல உண்டு. 2002இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகத் தொடங்கி, 2014இல் 'கோடி' என்று பெயர் மாறிய மென்பொருள் அவற்றில் பலரும் அறிந்தது. டீச்சர் வீட்டில் இருப்பதும் அந்த வகையைச் சேர்ந்த ஒன்றுதான். அதில் கோளாறு எதுவும் இல்லை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அது வேண்டுமென்றே ஒலியைத் தொடாமல் இருந்தது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கணினிக்குள் ஒலி என்பது எண்களின் வரிசை. வழக்கமாக நொடிக்கு 48,000 முறை அலையின் உயரத்தை அளந்து, ஒவ்வொன்றையும் −32,768 முதல் 32,767 வரையிலான ஓர் எண்ணாக எழுதிக்கொள்கிறது. சத்தத்தைக் குறைப்பது வெறும் பெருக்கல் கணக்கு. எல்லா எண்களையும் 0.5ஆல் பெருக்கினால் அலையின் உயரம் பாதியாகும். டெசிபெல் கணக்கில் 6 குறையும். காதுக்குப் 'பாதிச் சத்தம்' என்று படுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபெல் குறைய வேண்டும். பழைய பாட்டுக்கு மென்பொருள் செய்தது இந்தப் பெருக்கலைத்தான்.

படத்துக்கு ஏன் செய்யவில்லை? கணினியின் பின்புறம் ஒரு மெல்லிய ஒயர் இருந்தது. ஆம்ப்ளிஃபையரில் செருகியிருந்த அதன் மறுமுனையைக் கழற்றி டீச்சரின் உள்ளங்கைக்கு நேரே பிடித்தேன். குன்றிமணி அளவில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. "இதுவா சத்தம்?" என்று கையைக் குவித்துப் பார்த்தார். இதுதான். ஆப்டிக்கல் ஒயர், ஒலி இதில் ஒளியாகப் போகிறது. இது வழக்கமாகச் சுமப்பது இரண்டு ஸ்பீக்கருக்கான எண்களை மட்டுமே: நொடிக்கு 15,36,000 பிட் (பிட் என்பது 0 அல்லது 1). ஆறு ஸ்பீக்கருக்கு அதைப்போல மூன்று மடங்கு வேண்டும். ஆகவே படத்தின் ஒலியை டால்பி முறையில் நொடிக்கு 4,48,000 பிட் அளவுக்கு அமுக்கி அனுப்புகிறார்கள். அமுக்கியதைப் பிரிப்பது ஆம்ப்ளிஃபையரின் வேலை. கணினி பிரிக்காமல் அப்படியே கடத்திவிடுவதால் இதற்குப் பாஸ்த்ரூ என்று பெயர்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அந்த ஒயருக்குத் தெரிந்தது இரண்டு ஸ்பீக்கருக்கான ஒலி ஒன்றுதான். அதனால் அமுக்கப்பட்ட பொதி, சாதாரண இரட்டை ஒலியைப் போல வேடம் போட்டுக்கொண்டு போகிறது! 32 மில்லிநொடிக்கு ஒரு பொதி. அந்த நேரத்துக்குள் ஒயரில் 6,144 பைட் போகலாம் (8 பிட் ஒரு பைட்). பொதியோ 1,792 பைட்தான். மீதி இடத்தில் வெறும் சுழியங்கள். முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் காலியாக ஓடும் கூட்ஸ் வண்டியைப் போல.

வேடத்தை ஆம்ப்ளிஃபையர் எப்படிக் கண்டுகொள்கிறது? பொதியின் தலையில் இரண்டு எண்கள் இருக்கும்: −1934, அடுத்து 19999. எந்தப் பொதியானாலும் இதே இரண்டுதான். எண்கள் கண்மூடித்தனமாக விழுந்தால், இந்த இரண்டும் அடுத்தடுத்து இதே வரிசையில் அமைய ஏறத்தாழ 430 கோடியில் ஒரு வாய்ப்பு. ஆகவே இவற்றைப் பார்த்ததும் ஆம்ப்ளிஃபையர், "வருவது பாட்டல்ல, பொதி" என்று புரிந்துகொள்கிறது. அடுத்த எண் பொதியின் வகை. டால்பி என்றால் 1. அதற்கடுத்தது நீளம்: 14,336 பிட்.

இப்போது இதை 0.5ஆல் பெருக்கிப் பாருங்கள். −1934 என்பது −967 ஆகும். 19999 என்பது 9999.5 ஆகி, ஏதோ ஒரு முழு எண்ணாகச் சுருங்கும். அடையாளம் போயிற்று. நீளம் பொய்யாயிற்று. உள்ளே இருக்கும் எண்கள் எவையும் அலையின் உயரங்கள் அல்ல. பிரித்துப் படிக்க வேண்டிய குறிகள். மஞ்சக்குப்பத்தின் அஞ்சல் குறியீடு 607001. அதைப் பாதியாக்கினால் பாதித் தொலைவில் உள்ள கிருமாம்பாக்கமா வரும்? 303500.5 என்று எந்த ஊரிலும் இல்லாத ஓர் எண்தான் வரும். அப்படிப் பெருக்கி அனுப்பினால் ஆம்ப்ளிஃபையர் வாய்மூடிக்கொள்ளும். அல்லது குறிகளையே பாட்டென்று நம்பிக் காதைக் கிழிக்கும் இரைச்சலைக் கொட்டும். ஆகவே பாஸ்த்ரூவில் பெருக்கல் கூடாது என்று மென்பொருளை எழுதியவர்கள் முடிவு செய்தது முற்றிலும் சரி. பட்டை நகர்வதுபோலக் காட்டியதுதான் தவறு. தன்னால் முடியாததைத் திரை நேர்மையாகச் சொல்லியிருந்தால் டீச்சர் இத்தனை முறை எழுந்திருக்க மாட்டார்.

இதற்கிடையில் ஒரு கடைக்காரர் 2,800 ரூபாய்க்குத் தங்க முலாம் பூசிய ஆப்டிக்கல் ஒயர் வாங்கினால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. தங்கம் துருப்பிடிக்காது, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்; உண்மை. ஆனால் இந்த முனையில் மின்சாரமே இல்லை, ஒளி இருக்கிறது. ஒளிக்குத் தங்கத்தால் ஆவது ஒன்றுமில்லை. தாயத்து விற்பவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லத் தயங்காத நாம், இதை மட்டும் தொழில்நுட்பம் என்று நம்பிக் காசு கொடுக்கிறோம்.

தீர்வு கணினியின் பின்புறமே இருந்தது. ஹெச்டிஎம்ஐ துளை! அதன் வழியே எட்டு ஸ்பீக்கருக்கான எண்களைக்கூட அமுக்காமல் அனுப்பலாம். டீச்சரின் ஆம்ப்ளிஃபையரிலும் அதற்கான துளை இருந்தது. ஒயரை மாற்றி, அமைப்புகளில் பாஸ்த்ரூவை அணைத்து, ஸ்பீக்கர் எண்ணிக்கையை 5.1 (ஐந்து ஸ்பீக்கர், அதிர்வொலிக்கு இன்னொன்று, ஆக ஆறு) என்று வைத்தேன். இனி பொதியைக் கணினியே பிரிக்கும். பிரித்த ஆறு வரிசைகளையும் ஒரே எண்ணால் பெருக்கும். 'ஒரே எண்' என்பது முக்கியம். சில சவுண்டு கார்டுகளில் முன் ஸ்பீக்கருக்கு ஒரு கட்டுப்பாடு, பின் ஸ்பீக்கருக்கு ஒன்று, நடு ஸ்பீக்கருக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். மென்பொருள் அவற்றில் ஒன்றை மட்டும் இறக்கினால் முன்னால் பேச்சு அடங்கிப்போய்ப் பின்னால் மழை மட்டும் கொட்டிக்கொண்டிருக்கும். கார்டுக்குப் போகும் முன்பே ஆறையும் சேர்த்துப் பெருக்குவதுதான் முறை. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினி என்றால் இன்னொரு வழியும் உண்டு: ஹெச்டிஎம்ஐயின் 13ஆவது முள் வழியாக "நீயே குறைத்துக்கொள்" என்று ஆம்ப்ளிஃபையருக்குக் கட்டளை அனுப்பலாம். அப்போது பொதியைப் பிரிக்கவே வேண்டாம்.

இப்படிப் பொதி பிரிக்கும் வேலையைப் பல கட்டற்ற மென்பொருள்களில் செய்வது எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல் தொகுப்பு. பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பு. 2024இல் ஜெர்மனி அரசின் நிதி அதற்குக் கிடைத்தது. நம் அரசுகளும் அப்படிக் கொடுக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். காலாப்பட்டிலும் பிள்ளைச்சாவடியிலும் சிதம்பரத்திலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பட்டை உண்மையைச் சொல்லும்படி திருத்துவது ஒரு மாணவர் ஒரு பருவத்தில் செய்யக்கூடிய வேலை. பயனோ உலகம் முழுவதற்கும்.

கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. 32,767க்கு மேல் எண் இல்லாததால், 1ஐவிடப் பெரிய எண்ணால் பெருக்கினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். மென்பொருளில் குறைக்கத்தான் வேண்டும், கூட்டக் கூடாது. ஆகவே பட்டையை 100இல் வைத்து, ஒரு சண்டைக் காட்சியை ஓடவிட்டு, டீச்சர் தாங்கும் அளவு வரை ஆம்ப்ளிஃபையரின் குமிழைத் திருகினேன். "போதும், போதும்" என்றார். முகம் பார்க்கும் கண்ணாடியிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து வந்து, குமிழ் நின்ற இடத்துக்கு நேரே ஒட்டினார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, கைப்பேசியில் பட்டையை 100இலிருந்து 70க்கு இறக்கினார்.