மூளையுறை அழற்சியில் குருதி தரும் சாட்சியம்

தோட்டத்து லயனில் ஒரு பிள்ளைக்குக் கடுங்காய்ச்சலும் தலையிடியும் கண்டு, நாடியை நெஞ்சோடு சேர்க்க முடியாதபடி கழுத்து விறைத்துப்போனால், மூளையையும் முண்ணாணையும் போர்த்தியிருக்கும் உறைகளில் அழற்சி ஏற்பட்டுள்ளதா என்றே வைத்தியர் முதலில் ஐயுறுவார். காரணம் வைரசாயின் நோய் பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும்; பற்றீரியாவாயின் ஒரே நாளுக்குள் உயிரைப் பறிக்கலாம், பிழைத்த பிள்ளையின் செவிப்புலனையும் கெடுக்கலாம். இரண்டையும் பிரித்தறிய முதுகில் ஊசியேற்றி எடுக்கப்படும் மூளைய முண்ணாண் பாய்பொருளே முதன்மைச் சான்று. குருதிப் பரிசோதனை அதற்குத் துணைச் சாட்சி.

அச்சாட்சிகளுள் வலுவானது புரோகல்சிற்றோனின். 116 அமினோ அமிலங்களாலான இப்புரதம், தைரொயிட்டுச் சுரப்பி கல்சிற்றோனின் என்ற ஓமோனை ஆக்குவதற்கான மூலப்பொருள்; நலமாயிருப்பவரின் குருதியில் அது மிகச் சிறிதளவே காணப்படும். பற்றீரியா பெருகும்போதோ ஈரல், கொழுப்பிழையம் முதலிய பல உறுப்புகளும் இதை உற்பத்தி செய்யத் தொடங்குகின்றன; அதை வெட்டி ஓமோனாக்கும் வசதி அவற்றுக்கு இல்லாமையால், புரதம் முழுதாகவே குருதியில் கலக்கிறது. வைரசுத் தொற்றில் உடல் சுரக்கும் இன்டர்பெரோன் காமா என்ற புரதம் இவ்வுற்பத்தியை அடக்கிவிடுகிறது. இந்த வேறுபாடே பரிசோதனையின் அடிப்படை.

அழற்சியின்போது குருதியில் உயரும் இன்னொரு புரதமான சீ.ஆர்.பீ. (சி-வினைபுரி புரதம்) இன்னும் பழைய சாட்சி. நியூமோகொக்கசு என்ற பற்றீரியாவின் சி-பல்சக்கரைட்டுடன் வினைபுரிவதாக 1930இல் கண்டறியப்பட்டதால் அப்பெயர் பெற்றது. அதே நியூமோகொக்கசு மூளையுறை அழற்சியின் முக்கிய காரணிகளுள் ஒன்று என்பது சுவையான பொருத்தம். ஆயினும் சில வைரசுத் தொற்றுகளிலும் இது உயர்வதால், பிரித்தறியும் திறன் புரோகல்சிற்றோனினுக்கே கூடுதல்.

மலையகத்தில் இங்கே நேரக் கணக்கு முக்கியமாகிறது. புரோகல்சிற்றோனின் ஏற மூன்று முதல் ஆறு மணித்தியாலம் ஆகும், சீ.ஆர்.பீ. உச்சத்தை எட்ட ஏறத்தாழ இரண்டு நாட்களாகும். காய்ச்சல் தொடங்கியவுடன் எடுத்த குருதி தாழ்ந்த அளவைக் காட்டி ஏமாற்றலாம். தோட்டத்திலிருந்து நகரத்து வைத்தியசாலைக்கு வந்தபின் மீண்டும் எடுத்தால் உண்மை தெரியலாம். வழியிலேயே நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட்டிருந்தால் பாய்பொருளில் பற்றீரியா வளராமற் போகலாம். குருதியின் புரோகல்சிற்றோனினோ பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும்; ஆகவே மருந்து கொடுத்த பின்னும் அது சாட்சி சொல்லக்கூடும்.

எனினும் தொற்று எங்கே என்று இப்புரதங்கள் சொல்வதில்லை. நியூமோனியாவிலும் அவை உயரும். காசநோயால் வரும் மூளையுறை அழற்சியில் புரோகல்சிற்றோனின் தாழ்ந்தே இருக்கக்கூடும். ஆகவே பற்றீரியா என்ற ஐயம் வலுவாக இருக்கையில், அளவு குறைவு என்பதற்காக மருந்தைத் தாமதிப்பது தவறு. காய்ச்சல் தொடங்கிய நேரமும், கொடுத்த மருந்தும் அதன் நேரமும் பிள்ளையோடு அனுப்பும் துண்டில் எழுதப்பட்டிருந்தால்தான், வைத்தியசாலையில் அந்த எண்ணுக்குப் பொருள் காண முடியும்.