ஃபைபர் பாடியில் போல்ட் உறுதியாக நிற்க

3 மி.மீ. தடிமனுள்ள ஃபைபர்கிளாஸ் பலகையில் துளையிட்டு, மரை வெட்டி, எம்6 போல்ட் (6 மி.மீ. விட்டம்) ஒன்றை முறுக்கினால் முதல் தடவை இறுகும். கழற்றி மறுபடி முறுக்கும்போது வெள்ளைத் தூள் கொட்டும். எம்6 மரையின் இடைவெளி 1 மி.மீ. அப்படியென்றால் மூன்றே சுற்றுதான் பிடிமானம். அதுவும் இழை அறுபட்டு, இழைகளை ஒட்டிவைக்கும் வெறும் ரெசின் மிஞ்சிய இடத்தில்.

ரிவெட் நட், அதாவது துளைக்குள் செருகி ரிவெட் போல் இறுக்கும் மரை உள்ள குழல், தகரத்துக்கு ஏற்றது. பின்பக்கம் புடைத்து இறுகும்போது துளையின் ஓரத்தை நெருக்கும். தகரம் வளைந்து கொடுக்கும், ஃபைபர் கொடுக்காது. ஃபைபரின் வெளிப்பூச்சான ஜெல்கோட்டில் நட்சத்திர வடிவில் விரிசல் விழும்.

துளை வழியே போல்ட்டை விட்டு நட் போட்டாலும் தொல்லை தீராது. போல்ட் தலைக்குக் கீழே ரெசின் நாளாக நாளாக நசுங்கும், வெயிலில் இன்னும் வேகமாக. போல்ட் தளரும். திரும்ப இறுக்கினால் திரும்ப நசுங்கும்.

1962-ல் வந்த லோட்டஸ் எலான் காரில், உடலை வார்க்கும்போதே பாபின் எனப்படும் உலோக உருளைகளை இழைகளுக்குள் புதைத்தார்கள். போல்ட் உலோகத்தில் இறுகியது, உடலில் அல்ல. ஏற்கெனவே வார்த்த பலகைக்கும் இதே வழிதான்: ஸ்டட்டை (தலையில்லாத மரைத் தண்டை) ஒரு தகட்டில் பற்றவைத்து, தகட்டை இழைக்குள் சிறைவைக்க வேண்டும்.

40 மி.மீ. சதுரத்தில் 1.5 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுத் தகடு போதும். அதில் 5 மி.மீ. துளைகள் எட்டு. எம்6 போல்ட் தலை ஏறத்தாழ 45 சதுர மி.மீ. பரப்பில்தான் அமர்கிறது. இந்தத் தகடு துளைகள் போக 1,400-க்கு மேல். வட்டத் தகடு வேண்டாம். ஒட்டு விட்டுப்போனால் ஸ்டட்டும் நட்டோடு சுற்றும், பிறகு கழற்றவே முடியாது. சாதா இரும்பும் வேண்டாம். துரு பருத்து இழையை உரித்துவிடும்.

பலகையின் பின்பக்கத்தை முதலில் அசிட்டோனால் துடைத்துவிட்டு, பிறகு 40-ஆம் எண் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வரிசை மாறினால் மேற்பரப்பில் மிதக்கும் மெழுகு கீறல்களுக்குள் போய்விடும். பளபளப்பு முழுதும் போய் இழை கண்ணுக்குத் தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஒட்டு விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஸ்டட்டின் மரைக்கு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். ரெசினில் நறுக்கிய இழையைக் குழைத்துத் தடவி, அதன்மேல் தகட்டை அழுத்துங்கள். எட்டுத் துளையிலும் குழைவு குமிழாக எட்டிப் பார்க்க வேண்டும். எந்தத் துளையில் வரவில்லையோ, அதன் கீழே காற்று நிற்கிறது. காய்ந்தபின் அந்தக் குமிழ்கள்தான் ரிவெட் தலைபோல் தகட்டைப் பிடித்துக்கொள்ளும். மேலே நடுவில் துளையிட்ட மேட் (நறுக்கிய இழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பு, சதுர மீட்டருக்கு 450 கிராம்), 60, 80, 100 மி.மீ. சதுரத்தில் மூன்று துண்டு. மூன்றும் சேர்ந்து 9 கிராம். பாலியஸ்டர் ரெசின் 20 கிராம், அதை இறுகவைக்கும் ஹார்டனர் 1 முதல் 2 சதவீதம். எபாக்ஸி எடுத்தால் மேட்டுக்குப் பதில் நெய்த இழைத்துணி போடுங்கள். மேட்டின் பசை பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும்.

கதவு, பானெட் போல வெளியே தெரியும் பலகை என்றால் மூன்று துண்டையும் ஒரே மூச்சில் போடாதீர்கள். பாலியஸ்டர் காயும்போது சூடேறிச் சுருங்கும். தகட்டின் வடிவம் பெயின்ட்டில் நிழலாக எழும், மெருகேற்றினாலும் போகாது. ஒன்று ஆறியபின் அடுத்தது.

ஸ்டட்டில் மாட்டும் பாகத்தின் துளை 8 மி.மீ. இருக்கட்டும், அகன்ற வாஷரோடு. வெயிலில் ஃபைபரும் இரும்பும் ஒரே அளவில் விரிவதில்லை.