‘கோப்பை மூடவும்’ என்றால் வழக்கு செத்துவிட்டது என்று அர்த்தமில்லை

போன வாரம் வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. கலிஃபோர்னியா வடக்கு மாவட்ட ஃபெடரல் நீதிமன்றத்தின் இரண்டு பக்க உத்தரவு. ‘கிளார்க் இந்தக் கோப்பை மூடவும்’ என்ற கடைசி வரியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் வட்டம். கீழே செய்தி: “சார், மச்சான் கேஸைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. அதான் ஃப்ரெஸ்னோவுல புதுசா ஒண்ணு போட்டுட்டோம்.”

இந்த வருஷம் இப்படி வருவது மூன்றாவது தடவை. வட்டம் போட்ட வரிக்கு நாலு வரி மேலேயே ‘கிழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கு மாற்றப்படுகிறது’ என்று தெளிவாக இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை.

நடந்தது இதுதான் (அடையாளம் தெரியாமல் இருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). கோர்கோரன் சிறையில் காவலர்கள் அடித்தார்கள், வைத்தியம் பார்க்கவில்லை என்பது புகார். ஆள் இப்போது லங்காஸ்டர் சிறையில். குடும்பம் சான் ஹோசேயில். அரசு ஊழியர்கள் உரிமையை மீறினால் போடும் 1983-ஆம் பிரிவு வழக்கை, போய்வர வசதி என்று சான் ஹோசேயிலேயே (அது வடக்கு மாவட்டம்) தாக்கல் செய்துவிட்டார்கள். யார் போகப் போகிறார்கள்? எல்லாம் தபாலில்தான் நடக்கும்.

குடும்பம் எங்கே இருக்கிறது என்பது கணக்கிலேயே வராது. கைதி இன்றைக்கு எந்தச் சிறையில் படுத்திருக்கிறார் என்பதும் வராது, சிறைத்துறைக்காரர்கள் அவரை நாளைக்கே வேறு சிறைக்கு மாற்றலாம். சம்பவம் எங்கே நடந்தது? அதுதான் கேள்வி. பிரதிவாதிகள் எல்லோரும் கலிஃபோர்னியாக்காரர்கள் என்றால் அவர்களில் ஒருவர் வசிக்கும் மாவட்டத்திலும் போடலாம், ஆனால் அடித்த காவலர் வேலை பார்க்கும் ஊருக்குப் பக்கத்தில்தானே குடியிருப்பார். கோர்கோரன் இருப்பது கிங்ஸ் கவுண்டியில். அது கிழக்கு மாவட்டம், அதிலும் ஃப்ரெஸ்னோ பிரிவு. சிறைத்துறைத் தலைமையகம் சாக்ரமென்டோவில் இருக்கிறதே என்று அங்கே அனுப்பினாலும் அவர்கள் ஃப்ரெஸ்னோவுக்குத்தான் தள்ளிவிடுவார்கள்.

தப்பான இடத்தில் போட்டால் நீதிபதிக்கு இரண்டு வழி: தள்ளுபடி செய்யலாம், நியாயம் கருதி மாற்றியும் விடலாம். சொந்தமாக வழக்கு நடத்தும் கைதி என்றால் பெரும்பாலும் மாற்றிவிடுகிறார்கள். மாற்றினால் பழைய தாக்கல் தேதி அப்படியே நிற்கும். கலிஃபோர்னியாவில் இந்த வழக்குகளுக்குக் காலவரம்பு 2 வருடம் என்பதால் அந்தத் தேதி பொன் மாதிரி. கட்டணச் சலுகை மனுவும் கூடவே போய்விடும். பழைய நீதிமன்றம் தன்னிடமிருக்கும் கோப்பை மூடும், புது வழக்கு எண் வரும், அவ்வளவுதான்.

இவர்கள் இரண்டாவதாகப் போட்டார்களே, அதற்குத் தனியாக 350 டாலர். சலுகை கிடைத்தாலும் கைதிக்குக் கட்டணம் தள்ளுபடி ஆகாது, தவணைதான். கணக்கில் 10 டாலருக்கு மேல் இருக்கும்போதெல்லாம் மாத வரவில் 20 சதவீதம் பிடிப்பார்கள். இரண்டு வழக்கு என்றால் ஒரே நேரத்தில் 40 சதவீதம், உச்ச நீதிமன்றம் 2016-இல் புரூஸ் வழக்கில் சொல்லியாயிற்று. அம்மா சோப்புக்கும் காபிக்கும் அனுப்புகிற பணத்திலிருந்தும்தான். போதாததற்கு, ஒரே புகாரை இரண்டு தடவை போட்டதாகத் தள்ளுபடி ஆனால் அது ஒரு ஸ்ட்ரைக்காகவும், அதாவது கைதியின் பேரில் ஒரு கரும்புள்ளியாகவும் விழலாம். மூன்று விழுந்தால், உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து இருந்தால் தவிர, அடுத்த வழக்குக்கு முழுப் பணமும் முன்கூட்டியே கட்ட வேண்டும்.

உத்தரவு கைக்கு வந்ததும் முழுசாகப் படியுங்கள், புரியாவிட்டால் யாரிடமாவது கேளுங்கள், தயவுசெய்து அதற்கு முன்னால் எதையும் தாக்கல் செய்யாதீர்கள். புது எண்ணைக் குறித்து வைத்து, இனி எந்தக் காகிதம் அனுப்பினாலும் அதையே போடுங்கள். மனுவில் கையெழுத்துக் கைதியுடையதாகத்தான் இருக்க வேண்டும், மச்சான் சார்பில் நீங்கள் போடக்கூடாது. அப்புறம், சிறை மாறினால் அன்றைக்கே நீதிமன்றத்துக்கு முகவரி மாற்றம் எழுதச் சொல்லுங்கள். நல்ல வழக்குகள் பல இந்த ஒரு கடிதம் எழுதாமல் செத்திருக்கின்றன.

சரி, இவர்கள் விஷயம்? தவறுதலாகப் போட்ட இரண்டாவது வழக்கைத் தானே திரும்பப் பெறுவதாக ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன், கையெழுத்துக்காக லங்காஸ்டருக்குப் போயிருக்கிறது. முகவரி மாற்றம் அனுப்பினீர்களா என்று கேட்டதற்கு, “கோர்கோரன் அட்ரஸ்தான் சார் கொடுத்திருக்கோம், அங்கதானே அடிச்சாங்க” என்கிறார் போட்டோ அனுப்பிய மச்சினர்.