துணைவினை: ‘ஹெல்ப்பிங் வெர்ப்’ என்ற சொல்லும் அதன் வேலையும்

பள்ளிக்கூட ஆங்கிலத்தில் ‘ஹெல்ப்பிங் வெர்ப்’ என்பதும், இலக்கண நூல்களில் ‘ஆக்ஸிலியரி வெர்ப்’ என்பதும் ஒன்றுதான். தமிழில் இதற்கு நிலைத்துவிட்ட சொல் துணைவினை. துணைபெறும் வினை முதல்வினை. ‘உதவி வினை’ என்று சிலர் எழுதுகிறார்கள். பொருள் புரியும், ஆனால் பாடநூல்களில் வேரூன்றிய சொல் கையில் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

ஆக்ஸிலியரி என்பதன் மூலம் லத்தீன் மொழியின் ‘ஆக்ஸிலியம்’. உதவி என்று பொருள். அதற்கும் அடியில் இருக்கும் வினைக்குப் பெருக்குதல், கூட்டுதல் என்று பொருள். ரோமானியப் படையில் குடியுரிமை பெற்றவர்களின் லீஜன்களுக்கு (முதன்மைப் படைப்பிரிவுகளுக்கு) பக்கபலமாக, பெரும்பாலும் குடியுரிமை இல்லாத வீரர்களைக் கொண்டு அமைந்த பிரிவுகளுக்கு ‘ஆக்ஸிலியா’ என்று பெயர். நம்மிடமும் படை வகைகளை எண்ணும்போது மூலப்படை, கூலிப்படை என்ற வரிசையில் துணைப்படை உண்டு. ‘வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்’ என்ற குறளில் (471) துணைவலி என்பது பக்கம் நிற்பவர்களின் பலம். ஆக, லத்தீன் சொல்லில் இருக்கும் படைவாடைகூட ‘துணை’யில் அப்படியே இருக்கிறது. இவ்வளவு பொருத்தமான இணைச்சொல் எல்லாக் கலைச்சொற்களுக்கும் வாய்ப்பதில்லை.

தொல்காப்பியமும் நன்னூலும் முற்று, எச்சம் என்று வினையைப் பகுத்தன. துணைவினை என்று தனியே ஒரு வகையாகப் பிரித்துப் பேசியது தற்கால இலக்கணம். சொல் புதிது, அது சுட்டும் பொருள் நம் பேச்சில் எப்போதும் உண்டு. ‘கையை விட்டான்’ என்பதில் ‘விடு’ முதல்வினை. ‘சாப்பிட்டுவிட்டான்’ என்பதில் அதே ‘விடு’ தன் பொருளைக் கழற்றி வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்பதை மட்டும் சொல்கிறது. துணைவினைக்கு எந்த மொழியிலும் இதுதான் அடையாளம்.

ஆங்கிலத்தில் வழக்கமாக 23 துணைவினைகளை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். ‘பீ’ குடும்பத்தில் 8 (பீ, ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீயிங், பீன்), ‘ஹேவ்’ குடும்பத்தில் 3 (ஹேவ், ஹேஸ், ஹேட்), ‘டூ’ குடும்பத்தில் 3 (டூ, டஸ், டிட்). மீதி 9 மோடல்கள், அதாவது முடியும், கூடும், வேண்டும் போன்ற பொருள் சேர்ப்பவை: கேன், குட், மே, மைட், ஷேல், ஷுட், வில், வுட், மஸ்ட். ஒப்பிக்கத் தெரிந்தும் வாக்கியம் தடுமாறுவதற்குக் காரணம், இந்தப் பட்டியலில் வரிசை இல்லை என்பதுதான். துணைவினையின் உயிர் வரிசையில் இருக்கிறது.

ஒரே ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கலாம். ‘கடிதம் எழுதப்பட்டிருக்கலாம்.’ இதன் வினை எழுத + பட்டு + இருக்கல் + ஆம் என்று பிரியும். ஆங்கிலத்தில் ‘தி லெட்டர் மைட் ஹேவ் பீன் ரிட்டன்.’ மைட் என்பது நம் ‘ஆம்’. ஹேவ் என்பது ‘இரு’. பீன் என்பது ‘படு’. ரிட்டன் என்பது ‘எழுது’. நான்கு உறுப்புகளும் கண்ணாடியில் பார்த்தது போல அப்படியே தலைகீழ். நாம் முதல்வினையில் தொடங்கித் துணைகளைப் பின்னால் கோக்கிறோம். அவர்கள் துணைகளை முன்னால் விட்டு முதல்வினையைக் கடைசியில் வைக்கிறார்கள்.

இன்னும் நெருங்கிப் பார்த்தால், தன் பக்கத்தில் நிற்கும் சொல் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதையும் துணைவினையே முடிவு செய்கிறது. நம் ‘படு’ தனக்கு முன்னால் ‘எழுத’ என்ற வடிவைத்தான் ஏற்கும். ‘எழுதிப்பட்டது’ என்று யாரும் சொல்ல மாட்டோம். ‘இரு’வுக்கு ‘பட்டு’ வேண்டும். ஆங்கிலத் துணைவினை இதே அதிகாரத்தைத் தனக்குப் பின்னால் வரும் சொல்லின் மீது செலுத்துகிறது. மோடலும் டூ குடும்பமும் வெற்று வடிவைக் கேட்கும்: கோ, ரைட். ஹேவ் குடும்பம் மூன்றாம் வடிவைக் கேட்கும்: கான், ரிட்டன். பீ குடும்பம் தொடர்ந்து நடக்கும் வேலைக்கு ‘இங்’ வடிவையும், செயப்பாட்டு வினைக்கு மூன்றாம் வடிவையும் கேட்கும். வரிசை மாறாது: மோடல், ஹேவ், தொடர்ச்சிக்கான பீ, செயப்பாட்டுக்கான பீ, கடைசியில் முதல்வினை. வேண்டாததை விட்டுவிடலாம், இடம் மாற்றக் கூடாது.

காலத்தைச் சுமப்பதும் துணைவினைதான். ‘ஓடிக்கொண்டிருந்தான்’ என்பதில் ‘ஓடி’க்கும் ‘கொண்டு’க்கும் காலப் பொறுப்பு இல்லை, கடைசியில் நிற்கும் ‘இரு’தான் இறந்தகாலத்தைக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் அந்தப் பொறுப்பு முதலில் நிற்கும் சொல்லுக்கு. ‘ஹி டிட் நாட் வென்ட்’ ஏன் பிழை என்றால், ‘டிட்’ ஏற்கெனவே இறந்தகாலத்தைச் சொல்லிவிட்டது. ‘வென்ட்’ அதையே மறுபடி சொல்கிறது. ‘டிட் நாட் கோ’ போதும். ‘டஸ் ஷி கோஸ்’ என்பதும் இதே பிழை. ‘ஐ ஆம் அக்ரீ’ என்பதில் பீ குடும்பத்துச் சொல்லுக்குப் பின் வெற்று வடிவம் நிற்கிறது. ‘ஐ அக்ரீ’ என்பதில் துணையே தேவையில்லை.

‘ஹி கேன்ஸ்’ என்று ஏன் சொல்வதில்லை என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. கேன், மே, ஷேல் போன்றவை பழைய ஆங்கிலத்தில் வடிவத்தால் இறந்தகாலச் சாயல் கொண்டு, பொருளால் நிகழ்காலமாக வழங்கியவை. இறந்தகால வடிவத்தில் படர்க்கை ‘எஸ்’ ஒட்டாது. அந்தத் தடம் இன்றும் மறையவில்லை. ‘கேன்’ முதலில் ‘அறி’ என்ற பொருளில் இருந்த வினை. ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்று நாம் சொல்வதும் அதே பாதைதான். ‘ஷேல்’ கடன்பட்டிருத்தலைக் குறித்தது. நம் பழைய உரைநடையின் ‘செய்யக்கடவன்’ என்பதிலும் கடவன் கடமைப்பட்டவனே.

தமிழர்கள் அதிகம் சறுக்கும் இடம் ‘இல்லை’. ‘அவன் போகவில்லை’ என்பதில் காலம் வெளிப்படையாக இல்லை. சூழலை வைத்தே புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்துக்கு மாற்றும் முன் ‘எப்போது?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நேற்று என்றால் ‘டிட் நாட் கோ’. இதுவரை என்றால் ‘ஹேஸ் நாட் கான்’. போவதில்லை என்ற வழக்கம் ‘டஸ் நாட் கோ’. போகமாட்டான் ‘வில் நாட் கோ’. போகக்கூடாது ‘மஸ்ட் நாட் கோ’. போகவேண்டியதில்லை என்பதையும் ‘மஸ்ட் நாட்’ என்று எழுதிவிடுவார்கள், அது தடையாகிவிடும். அங்கே ‘டஸ் நாட் ஹேவ் டு கோ’ வர வேண்டும். மருந்துக் குறிப்பிலோ அலுவலகக் கடிதத்திலோ இந்த இரண்டும் இடம் மாறினால் பொருள் தலைகீழாகும்.

பயிற்சிக்குப் புது வாக்கியங்கள் தேடி அலைய வேண்டாம். ‘ஷி ரைட்ஸ் எ லெட்டர்’ ஒன்றே போதும். முதலில் அதை இஸ் ரைட்டிங், ஹேஸ் ரிட்டன், ஹேஸ் பீன் ரைட்டிங், வில் ஹேவ் பீன் ரைட்டிங் என்று ஒவ்வொரு துணையாக ஏற்ற வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் எதிர்மறையாக்க வேண்டும்: முதல் துணைக்கு அடுத்தபடி ‘நாட்’. பிறகு கேள்வி: முதல் துணையை மட்டும் எழுவாய்க்கு முன்னால் தூக்கி வைக்க வேண்டும். துணையே இல்லாத மூல வாக்கியத்துக்கு எதிர்மறையிலும் கேள்வியிலும் ‘டஸ்’ வந்து நிற்கும். வந்தவுடன் ‘ரைட்ஸ்’ தன் ‘எஸ்’ஸை அதனிடம் கொடுத்துவிட்டு ‘ரைட்’ ஆகிவிடும். ‘எங்கே போகிறாய்?’ என்பதை ‘வேர் ஆர் யூ கோயிங்?’ என்று கேட்காமல் ‘வேர் யூ ஆர் கோயிங்?’ என்று கேட்கும் பிழை, தமிழில் கேள்விக்காகச் சொல் இடம் மாறுவதில்லை என்பதால் வருவது. வாய்விட்டுச் சொல்லிப் பழகினால்தான் இது போகும்.

ஹேவ் துணையா முதல்வினையா என்ற ஐயத்தையும் இந்தக் கேள்விப் பயிற்சியே தீர்க்கும். ‘ஹி ஹேஸ் பாட் எ பைக்’ என்பது ‘ஹேஸ் ஹி பாட்?’ என்று புரளும், அது துணை. ‘ஹி ஹேஸ் எ பைக்’ என்பதற்கு ‘டஸ் ஹி ஹேவ்?’ என்று டஸ் தேவைப்படுகிறது, அது முதல்வினை. பீ மட்டும் விலக்கு: முதல்வினையாக நின்றாலும் ‘இஸ் ஹி எ டீச்சர்?’ என்று தானே முன்னால் போகும்.

கடைசியாக, வாக்கியத்தின் முடிவில் ஒட்டிக்கொள்ளும் வால் கேள்வி (‘கொஸ்டின் டேக்’). நமக்கு ‘இல்லையா’ ஒன்றே எல்லா வாக்கியத்துக்கும் பொருந்தும். அந்தப் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் ‘இஸின்ட் இட்’ போடுகிறோம். ஆங்கில வாலில் வாக்கியத்தின் துணைவினையே திரும்ப வர வேண்டும்: ‘ஷி கேன் ஸ்விம், கான்ட் ஷி?’, ‘தே ஹேவ் லெஃப்ட், ஹேவின்ட் தே?’. ‘யூ நோ ஹெர்’ என்பதில் துணை கண்ணுக்குத் தெரியாததால், ‘டோன்ட் யூ?’ என்று டூ வெளியே வருகிறது.